பதினேழாவது நிரல்

கம்பனியின் புகையை எண்ணுவது என் வேலை.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வீட்டிலிருந்து விடும் புகையை
பாலையூற்றில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து
எண்ணி முடித்தேன்.
மிஞ்சியது நான். பதினேழாவது நிரல்.

விசிறி: ஒன்று.
அதன் கீழே நான்,
அதன் கீழேயே ஏணையில் ஆதவன்.
கொழும்பிலே நான் வேலை பார்த்தாலும்
அவனுக்கு அது சுற்றத்தான் வேண்டும்.
வேலையால் கூடியதை மட்டும் எழுது என்கிறது விதி.
அப்படியென்றால் காற்று அவனுடையது;
ஓரத்தில் இருந்து களவாய் வாங்குகிறேன்.

பயணம்: மிச்சம் என்று
பச்சை நிறத்தில் போட்டிருக்கிறார்கள்.
இருநூற்று அறுபது கிலோமீற்றர்,
ஹபரணையில் ஒரு பிளேன்ரீ.
நான் ஏறாத அந்த பஸ்
ஒவ்வொரு இரவும் ஸ்டாண்டை விட்டு வெளிக்கிடுகிறது
அதே புகையோடு.

இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
சம்பூருக்கு வருமென்ற நிலக்கரி உலை வரவேயில்லை.
நுரைச்சோலைக் கரிதான் இங்கே வெளிச்சம்,
இப்போது அதுவும் இல்லை.
சுழியம் என்று எழுதக் கை போக
பக்கத்து வளவில் ஜெனரேற்றர் இருமியது.
ரெஜினா அக்காவின் பெட்டியில்
நாளைச் சந்தைக்கு நாற்பது கிலோ பாரை.
"பிள்ளை, இதைச் செருகு" என்று
மதிலுக்கு மேலால் ஒரு வயர் வந்தது.

மின்சாரம் எங்கிருந்து?
தேசிய வலையமைப்பு. சூரியக்கலம். வேறு.
வேறு என்றேன்.
விளக்கு என்றது; நாற்பது எழுத்துத்தான் கொள்ளும்.
பாரைக்கு எவ்வளவு பெற்றோல், எனக்கு எவ்வளவு?
மீன் குளிர்ந்த அதே நேரத்தில்
என் அட்டவணையும் நகர்ந்ததே.

பிரியங்கர போனில் சிரித்தார்:
"நிரோஜினி, சராசரியைப் போடுங்களேன்."
எங்கேயோ இருக்க வேண்டும் அந்தச் சராசரி வீடு,
ஒன்றே கால் விசிறியோடு,
அரைப் பிள்ளையோடு,
கரண்ட் போகாத ஒரு தெருவில்.
போட்டேன். அனுப்பினேன்.

பெற்றோலுக்குக் காசு நீட்டினேன்.
ரெஜினா அக்கா வாங்கவில்லை.
"உன்ர பெட்டி என்னத்தைக் குடிச்சிருக்கும்" என்றார்.
அதைத்தான் அக்கா
காலையிலிருந்து நானும் தேடினேன்.

வயரை ஒருவரும் இழுத்துச் சுருட்டவில்லை.
விடிய, நனைந்த ஏணைச் சீலையை
அதில்தான் காயப்போட்டேன்.