காலுக்கு வந்தது

வேனின் பின்கதவைத் திறந்து போட்டு
சீஸ் ரொட்டியைக் கடித்தபடி
மறுபடி ஆரம்பித்தான் கெத்தின்:
முந்நூற்றுப் பத்து பவுண்டுக்கு ஒரு காற்சட்டை.
அந்தக் காசுக்கு நான் ஒரு கார் வாங்கினேன்,
நாலு சக்கரத்தோடு.

ஹெலெத் நிமிரவில்லை.
ரம்பத்துச் சங்கிலியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள்,
பல்லுக்கு மூன்று இழுப்பு,
உதடு அசைய எண்ணி.

கொன்வி பள்ளத்தாக்கில் வருஷத்துக்கு ஏழு நாள்தான்
வெயில் என்று சொல்லும்படி வெயில்.
அந்த ஏழில் இது மூன்றாவது.
ஒன்பது அடுக்குத் துணிக்குள் தொடை வேகிறது என்கிறான்.
மரம் ஏற என்ன வேண்டும்?
கயிறு, முடிச்சு, பயம்.
பயம் இலவசம்.
அதைவிட நல்ல கருவியை
இதுவரை எவனும் விற்கவில்லை.

நான் கணக்கு எழுதுகிறவள்.
நான் ஏறிய உயரம்
அலுவலகப் படிக்கட்டு, பதினொன்று.
இன்று காசோலையோடு வந்தவள்
தேநீருக்காக நின்றுவிட்டேன்.
என் பேரேட்டில் எல்லாம் இருக்கிறது:
முழங்காலில் மாட்டும் கயிறேறியைப் பார்த்து
முதலில் சிரித்தவன் கெத்தின்,
இப்போது அதை யாருக்கும் இரவல் தராதவனும் அவனே.
ஹெல்மெட்டுக்குள் பேசும் பெட்டி, ஜோடி நானூறு.
அது வேண்டும் என்கிறான் இத்வல், கீழே நிற்பவன்:
அறுபதடி மேலே இருப்பவனைக் கூப்பிட்டால்
ஊருக்கே கேட்கிறது,
அவனுக்கு மட்டும் கேட்பதில்லை.

ஆறு வருஷம், என்றான் கெத்தின்.
இந்தத் துணியில் ஒரு கீறல் காட்டு.
அப்புறம் இது என்னதான் வேலை செய்தது?

திருடன் வராத வீட்டில்
பூட்டு என்ன வேலை செய்தது, என்றாள் ஹெலெத்.

நான் வீட்டைப் பூட்டுவதே இல்லை.

அதற்கு அவளிடம் பதில் இல்லை.
எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு நடந்தது
உச்சியில் நடக்கவில்லை.
நோய் தின்று உள்ளே உளுத்துப்போன அந்த ஆஷ் மரத்தை
நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி இருக்க,
தரையில்,
ஏற்கெனவே விழுந்த ஒரு கிளையில்,
வளைந்து கிடந்த சிம்பு ஒன்று
வெட்டியதும் விடுபட்டு நிமிர்ந்தது.
ரம்பம் துள்ளி அவன் தொடையைத் தொட்டது.
ஒரு இருமல் இருமி
நின்றுவிட்டது.

நூல்.
கிழிந்த தலையணைபோல வெள்ளை வெள்ளையாக நூல்,
அவன் காலிலிருந்து இழுபட்டு
ரம்பத்தின் வாய் நிறைய.
விலக்கிப் பார்த்தோம்:
காலுறையின் எலாஸ்டிக் பதிந்தது மாதிரி
ஒரு சிவப்புக் கோடு.
காலுக்கு வந்தது
காற்சட்டையோடு போயிற்று.

யாரும் ஒன்றும் பேசவில்லை.
இத்வல் கத்தி முனையால் நூலை நோண்டி எடுக்க
இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று.
ஹெலெத் பிளாஸ்கைத் திறந்து ஊற்றினாள்.
சொல்லு, என்றான் அவளிடம்,
சொல்லித் தொலையேன்.
சர்க்கரை எத்தனை, என்று கேட்டாள்,
எட்டு வருஷமாக அவனோடு வேலை செய்கிறவள்.

மாலையில் பேரேட்டைத் திறந்தேன்.
காற்சட்டை, ஒன்று. மதிப்பு: சூன்யம்.
ஒரு முறை வெட்டு வாங்கியதை
மறுபடி உடுத்தக்கூடாது என்பது விதி.
'நீக்கக் காரணம்' என்ற கட்டத்தில்
கிழிந்தது, பழசு, தொலைந்தது என்றுதான்
இதுவரை எழுதியிருக்கிறேன்.
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு
'வேலை செய்தது' என்று எழுதினேன்.

வியாழக்கிழமை வந்தான்.
புதிது வாங்கும்போது கறுப்பு வேண்டாம்,
வெயிலை இழுக்கும் என்றான்.
வாசல்வரை போய்த் திரும்பி,
எப்படியும் நான் காலை இழுத்திருப்பேன், தெரியுமா?

இழுத்திருக்கலாம்.
அதற்குப் பேரேட்டில் கட்டம் இல்லை.

மரம் இன்னும் பாதியில் நிற்கிறது.
வேனுக்குள் இந்த வாரம்
கையுறையைப் பற்றிச் சண்டை.