நூறு மில்லி

நிமிஷத்துக்கு ஐயாயிரம் தையல் ஓடும் ஊசியை
பன்னிரண்டு வருஷமாய்
விரலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.
இந்த ஒரு ஊசிக்குக் கை நடுங்குகிறது.

"தோலை மட்டும் கூடாரமாட்டத் தூக்குங்க,
சதையில படக் கூடாது" என்றார்
அவிநாசி ரோட்டு டாக்டர்.
தினம் நூறு மில்லி.
எத்தனை நாளைக்குங்க என்றேன்.
அவர் பூனையைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.

தினக்காலண்டரைக் கழற்றிவிட்டு
அந்த ஆணியில் தொங்குகிறது குளுக்கோஸ்.
குளுக்கோஸ் இல்லை அது, சலைன்.
டாக்டர் இரண்டு தடவை திருத்திவிட்டு
அவரும் குளுக்கோஸ் என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்.

நூல் கோன் பெட்டியில் கிடந்து வந்ததால் கோனு.
நாலு கிலோ வரை ஏறியது
இப்போது இரண்டே முக்கால்.
வேஸ்ட் கடைத் தராசில்தான் நிறுத்தேன்.
கடைக்காரர் தட்டைத் துடைத்துக் கொடுத்தார்.

"ஊட்டு வாடகையே எச்சு,
இதுல பூனைக்கு வேற முட்டுவழி" என்று
சீட்டுப் பணத்தை எடுத்த அன்று
சட்டையை மாட்டிக்கொண்டு போனவர்
ராத்திரி ஒன்றும் பேசாமல்
கால் கிலோ ஆட்டு ஈரலைத் திட்டில் வைத்தார்.
கோனு மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.
ஈரல் ஆகாதென்று டாக்டர் சொன்னதை
நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து
கடைசி பீஸ் தேய்த்து முடித்ததும்
ஒரு ரிஜெக்ட் பனியனைச் சூடுபண்ணி
நாலாய் மடித்து
சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டியேறுகிறார்.
பாரீஸ் கோபுரம் அச்சடித்த பனியன்.
வீடு வருவதற்குள் பாதிச் சூட்டை
அவர் வயிறு எடுத்துக்கொள்ளும்.
மீதிச் சூட்டில் கோனு படுக்கும்.

அவர் நைட் போகும் வாரம்
பக்கத்து ரூம் பிகாஷ் வந்து பிடித்துக்கொள்வான்.
ஒடிசாவிலிருந்து வந்து ஒன்பது மாசம்.
தெரிந்த தமிழ்: சோறு, சம்பளம், ஓ.டி., அக்கா.
இப்போது "மெதுவா" சேர்ந்திருக்கிறது.
எனக்குச் சொல்கிறானா, பூனைக்கா, தெரியாது.
இரண்டு பேருமே கேட்டுக்கொள்கிறோம்.

தண்ணி இறங்க இறங்க
தோளுக்குப் பின்னால் சின்னதாய் ஒரு திமில் எழும்பும்.
"காங்கேயம் காளை!" என்பாள் கனிஷ்கா.
சிரிக்கக் கூடாது என்றிருந்தும் சிரித்துவிடுவோம்.
காளை நாலு எட்டு வைத்து
டிரம் நிழலில் உட்கார்ந்துவிடும்.

நேற்று முழுக்க ஒண்ணுக்குப் போகவில்லை.
கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்
மணி போட்டு, கோடு போட்டு
வெறுமனே விட்டிருந்தாள் கனிஷ்கா.
அடுப்புப் பற்றவைக்கவில்லை.
பேக்கரி பன்னைப் பிய்த்துத் தின்றோம்.
"வேற வழியும் இருக்குதுங்க" என்று
டாக்டர் குரலை இறக்கிச் சொன்னதை
நான்தான் இவரிடம் சொல்லோணும்.
வாயெடுக்கும்போதெல்லாம்
பாத்திரம் கழுவப் போய்விடுகிறார்,
கழுவின பாத்திரத்தையே.

இன்று டீ பெல் முடிந்து
மிஷினில் உட்கார்ந்ததும் போன்.
காலாண்டு லீவில் வீட்டிலிருக்கும் கனிஷ்கா.
"அம்மா... போயிருச்சு."

பெடலில் கால் அப்படியே நின்றது.
எதிர் வரிசை மிஷின்கள் ஓடுவது தெரிந்தது,
சத்தம் கேட்கவில்லை.

"என்ன கண்ணு போயிருச்சு?"

"ஒண்ணுக்குமா! ரெண்டு தாட்டி!
பொடக்காளில மண்ணத் தோண்டி
மூடிக்கூட உட்டுருச்சு!"

சூப்பர்வைசர் வந்து, லைன் ஏன் நிக்குது என்றார்.
எங்கூட்டுப் பூனை
ஒண்ணுக்குப் போயிருச்சுங்க என்றேன்.
கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.
"சரி, பீஸ எடுங்க" என்றார்.

அந்தக் கட்டில்
இரண்டு கை கோணலாய்ப் போய்விட்டது.
செக்கிங்கில் பிடித்துவிடுவார்கள்.
பிடிக்கட்டும்.