ஏழு வினாடி

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள்.
ஒருவர் என் வயதைப் பார்த்தார், ஒருவர் கடிகாரத்தை.
மூன்றாமவர் கேட்டார்:
பத்தொன்பது வருடம் சாங்கியில் சரக்குப் பிரிவு,
இப்போது எதற்குப் பிள்ளைகள்?
உடைந்து வந்த பெட்டிகளுக்குப் படிவம் நிரப்பியவள் நான் என்றேன்.
சிரித்தார்கள்.
சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பயிற்சி வகுப்பு புவன விஸ்தாவில்,
ஏழாவது மாடி, எலும்பு வரைக்கும் ஏசி.
பதினான்கு பேர்.
தாதி வேலையை விட்டு வந்த ரொஹாயா,
கடன் வசூலித்தே தலை நரைத்த பெர்னார்ட் டே,
பெயர் மறந்துபோன பதினோரு பேர்.
அறிவுரை சொல்லாதீர்கள் என்றார் பயிற்றுநர் முதல் நாள்.
இரண்டாம் நாளும் அதையே சொன்னார்.
கேள்வி கேட்டபின் ஏழு வினாடி வாயைத் திறக்காதீர்கள்.
எங்கள் வீட்டில் ஏழு வினாடி யாரும் பேசவில்லையென்றால்
யாரோ தட்டைத் தள்ளப்போகிறார்கள் என்று அர்த்தம்.

ஜோடி ஜோடியாக நடிக்க வேண்டும்.
பெர்னார்ட் ஆலோசகர்.
நான் பள்ளிக்கு வராத பதினைந்து வயதுப் பையன்.
காகிதத்தில் இருந்த மூன்று வரியைச் சொன்னேன்.
அவர் காத்திருந்தார். நாலு. ஐந்து.
ஆறில், காகிதத்தில் இல்லாத ஒன்று விழுந்தது:
அம்மா வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்,
தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளாமல்.
பெர்னார்ட் பேனாவைக் கீழே வைத்தார்.
ஊரார் வாசலில் நின்று கேட்டே பழகிய மனிதர்
அன்று எதையும் கேட்கவில்லை.
இடைவேளையில் ஒரு காப்பி-ஓ வாங்கி வந்தார், சீனி இல்லாமல்.
நான் சீனி போடுகிறவள்.
குடித்தேன்.

பள்ளிப் பட்டியல் வந்தது.
எல்லோரும் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் பள்ளிகளைக் கேட்டார்கள்.
கிராஞ்சிப் பக்கம் ஒன்று,
அதற்கு எதிரே பெயர் இல்லை, ஒரு கோடு மட்டும்.
இந்தத் தீவில் கிராமம் கிடையாது என்பார்கள்.
தூரம் இருக்கிறது.
ரயிலை விட்டு இறங்கி ஒரு பஸ்,
லாரிகள் கிளப்பும் புழுதி, தவளைப் பண்ணைக்குப் போகும் அம்புக்குறி,
புல்வெட்டும் ஆளின் முகமூடி.

பூப்பந்து மட்டைகள் அடுக்கியிருந்த அறை எனக்கு.
ரப்பர் வாடை இன்னும் போகவில்லை.
கதவில் ஒட்டுநாடாத் தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக,
பெயர்கள் உரிந்த இடம்.

முதலில் வந்தவன் அதிரூபன், உயர்நிலை மூன்று.
ஏசிக்காக வந்தேன் என்றான். சரி என்றேன்.
உட்காரவில்லை.
தடங்களை நகத்தால் சுரண்டிக்கொண்டே,
"மிஸ்டர் லோ அஞ்சு மாசம்.
மிஸ் ஃபரீதா ஒரு வருஷங்கூட இல்ல.
ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன், முதல்லேருந்து.
நீங்க எத்தன மாசம்?"

மூன்று பேர் கேட்காத கேள்வி.
கதவுப் பிடியைப் பிடித்தபடி காத்திருந்தான்.
ஒன்று. இரண்டு.
இவனுக்கு யார் பயிற்சி கொடுத்தது?
தலையசைப்பு இல்லை, ம் கொட்டல் இல்லை,
ஏழு தாண்டியும் அப்படியே நின்றான்.

ஒப்பந்தம் இரண்டு வருடம் என்றேன்.
அதற்குமேல் தெரியாது என்றேன்.
விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்கிறவனைப்போல
தலையை ஆட்டினான்.
மணி அடித்தது. போய்விட்டான்.

மாலை அலுவலகத்தில்
திருகாணி இரண்டும் திருப்புளியும் கேட்டேன்.
மேடம் சியூ ஒட்டுநாடாவை நீட்டினார்:
இது போதுமே, எல்லோரும் இதுதான்.
கதவு மரம் கெட்டி. உள்ளங்கை கன்றிப்போனது.
முதல் திருகாணி கோணலாக இறங்கியதில்
கோமளவல்லி இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறாள்.

வியாழக்கிழமை அதிரூபன் வந்தான்.
பலகையின் மூலையில் விரலை நுழைத்து இழுத்துப் பார்த்தான்.
இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக.
பிறகு உள்ளே வந்து
நாற்காலியை ஏசிக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டான்.
"முதல்லேருந்தா?" என்றான்.