இரண்டாம் மாடித் திருப்பம்

பதினோரு நாளாக லிஃப்ட் ஓடவில்லை.
உதிரிபாகம் அம்பத்தூரிலிருந்து வரணுமாம்.
சங்கச் செயலாளர் தணிகாசலம் சொல்லும் தொனியில்
அம்பத்தூர் கப்பலேறிப் போகிற தூரம்.

ஒரு கையில் இட்லி மாவு,
மறு கையில் பிரஷர் மாத்திரை, அரைக் கிலோ கத்திரிக்காய்.
திருப்பத்தில்
வலது முழங்கால் ஆஜர் சொல்கிறது.

மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக்கூடாது.
செல்போனை எடுக்கிறேன்.
மின்வாரியத்தின் குறுஞ்செய்தி.
தொகை தெரியக் கையை நீட்டி,
இன்னும் நீட்டி,
சன்னல் கம்பிவரை நீட்டியபோதுதான்
பார்த்தேன்:
இரண்டு சின்டெக்ஸ் தொட்டிகளுக்கு நடுவே
சுண்டுவிரல் அகலத்துக்குக் கடல்.

திருவொற்றியூரில் இந்த வீட்டுக்கு
பத்தொன்பது வருஷமாக வட்டி கட்டுகிறேன்.
ஒருவரும் சொல்லவில்லை.
புரோக்கருக்கும் தெரிந்திருக்காது,
தெரிந்தால் இன்னொரு லட்சம் கேட்டிருப்பான்.

மேலிருந்து வந்த பிளாரன்ஸ் டீச்சர்
அதே இடத்தில் நின்று
செல்போனை எடுத்தார்.
இறங்குகிறவருக்கு என்ன மூச்சிரைப்பு?
நகர்ந்து கம்பியில் பாதி கொடுத்தேன்.

நாலு மணிக் காற்று வந்தது.
மாவு புளித்தால் புளிக்கட்டும்.

"லிஃப்ட் நாளைக்குச் சரியாயிடுமாம்" என்றார்,
கொஞ்சம் கவலையாக.