ஏழு வரவில்லை

கடலைப் பார்க்கச் சேலத்திலிருந்து
ஓர் இரவு ரயில் ஏற வேண்டும்.
எனக்கு அது கூரியரில் வந்தது.
தெர்மாகோல் பெட்டியில் ஆறு ஹார்டு டிஸ்க்,
மேலே இருதயராஜின் கோணல் கையெழுத்து:
உப்பு துடைத்தாயிற்று. ஏழு வரவில்லை.

அந்தமானுக்கு மேற்கே, பள்ளத்தின் விளிம்பில்,
மூவாயிரம் மீட்டர் ஆழத்தில்
பதினொரு மாதம் கிடந்தவை.
ஒரு கண்ணாடிக் கோளம், உள்ளே ஒரு செவி,
அடியில் இரும்புப் பாரம்.
எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்ததென்று
இறக்கியவர்களுக்கும் தெரியாது.
எங்கோ ஒரு பெரிய நிலம் அசைந்து
அதன் நீண்ட அலை வந்து தொட்ட பிறகுதான்
அஸ்தம்பட்டி மாடி அறையில் உட்கார்ந்து
நான் அதற்கு வடக்கைச் சொல்கிறேன்.

நேரமும் அப்படித்தான்.
செயற்கைக்கோள் எட்டாத இருட்டில்
தன் கடிகாரத்தை மட்டும் நம்பி எண்ணுகிறது.
மூன்றாம் எண் ஒன்றரை விநாடி பிந்தியிருந்தது.
நான் ஒரே நாளில் அதைவிட அதிகம் பிந்துகிறவள்.
சீட்டுத் தள்ளுபடியைப் பங்கு பிரிப்பதுபோல்
எல்லா நாளுக்கும் சமமாகப் போட்டுக் கழித்தேன்.

மதியம் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள்.
சங்கு ஊதும். பிறகு தரையில் ஒரு தட்டு.
டம்ளர் மோரில் வட்டம் விரியும்.
மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சோதனைக் கருவி
அதையும் எழுதிக்கொள்ளும்,
கீழ்வீட்டு மெஹருன்னிசா மாவு ஆட்டுவதையும்,
பால் வண்டியையும்,
யாரோ கதவை அறைந்துவிட்டுப் போனதையும்.
யாரோ என்ன யாரோ.
நான்தான். செவ்வாய்க்கிழமை.

கடலடியிலும் அமைதி கிடையாது.
கப்பல் போகிறது, கோடு கம்பளிப்பூச்சியாய்த் தடிக்கிறது.
ஏதோ ஒரு மீன் வந்து முட்டுகிறது.
ஒரு திமிங்கிலம் பங்குனி முழுக்க
ஒரே வாக்கியத்தை விட்டுவிட்டுச் சொல்கிறது.
இரைச்சல், நீக்கவும் என்கிறது கையேடு.
நீக்கினேன்.
வேறு கோப்பில் வைத்திருக்கிறேன்.

ஒரு மார்ச் மாலை, ஆறு நாற்பத்திரண்டுக்கு,
ஆறும் துள்ளியிருக்கின்றன.
பெரிதல்ல. ஐந்து புள்ளி ஒன்று.
செய்தித்தாளுக்குப் போதாது.
மூன்று நிமிடம் இருபது விநாடியில்
அலை இங்கே வந்திருக்கும்.
நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்?
வங்கியின் குறுஞ்செய்தி காட்டிக் கொடுத்தது:
ஐந்து ரோடு சிக்னலில்
நாற்பது ரூபாய் குறைத்து அனுப்பிவிட்டு
ஆட்டோக்காரரோடு சண்டை.
சேர்வராயன் மலையின் கருங்கல்லுக்குள் புகுந்து,
இருபது கொண்டை ஊசி வளைவில்
ஒன்றில்கூடத் திரும்பாமல் நேராக வந்து,
அந்தமான் எங்கள் இருவர் காலடியிலும் கடந்துபோனது.
அவர் சொன்னார்: மீட்டருக்கு மேல ஒரு பைசா கேட்டனா?
கேட்டிருந்தார்.

ஏழைப் பற்றி இருதயராஜ் போனில் சொன்னான்.
கப்பலிலிருந்து ஒலி அனுப்பிக் கூப்பிட்டார்கள்.
இருக்கிறேன் என்றது.
பாரத்தை விடு என்றார்கள்.
விட்டேன் என்றது.
மேலே வரவில்லை.
மூன்று மணி நேரம்
கேட்கக் கேட்கப் பதில் மட்டும் வந்தது.
டீசல் கணக்குப் பார்த்துக் கப்பல் திரும்பியது.
"கடைசியா ஒரு தடவை கூப்பிடலாம்னு இருந்தேன்.
கூப்பிடல" என்றான்.
லைனில் காற்று மட்டும் கொஞ்ச நேரம்.

சேறு பிடித்திருக்கலாம். கொக்கி துருவேறியிருக்கலாம்.
பேட்டரி ஆடி வரை தாங்கும்.
அதுவரை ஒவ்வொரு அசைவையும்
யாரும் படிக்காத கையெழுத்தில் எழுதிக்கொண்டிருக்கும்,
திமிங்கிலத்தைச் சேர்த்து, எதையும் நீக்காமல்.

அட்டவணையில் ஏழாவது வரிசையை எடுத்துவிடச் சொல்லி
இன்று மெயில் வந்தது.
வடக்கு என்ற கட்டத்தில்
தெரியாது என்று தட்டினேன்.
நேரப் பிழை என்ற கட்டத்தில்
ஏறிக்கொண்டிருக்கிறது.
சங்கு ஊதியது.
டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.