அரைப்பேர்

மூன்றாவது தடவையும் திரும்பி வந்துவிட்டது
அந்தக் கடிதம்.
கோத்தகிரி தபால் நிலையம்,
தபால் பிரிக்கும் மேசையில் நான்.
பெறுநர்: போஜன், மாலுமி, நீலகிரி.
அனுப்புநர்: மாதி, தொட்டஹட்டி, நீலகிரி.

பம்பாயில் எவரோ
ஒழுங்காகப் படித்து
ஒழுங்காகத் தப்பு செய்திருக்கிறார்.
மாவட்டத்தின் பெயரைக் கண்டதும்
மூட்டையை மலைக்கு ஏற்றிவிட்டார்.
கப்பலுக்கும் அதே பெயர் என்று
அவருக்கு யார் சொல்ல?

மாதியம்மா வந்து நின்றார்.
தலையில் வெள்ளைத் துணி,
கால் விரலிடுக்கில் கேரட் தோட்டத்து மண்.
"எம் மகன் வேலை பாக்குற எடத்துக்கு
நம்ம ஊர்ப் பேர யாரு வச்சா?"
கவர்மெண்டு என்றேன்.
சிலதுக்கு மலையின் பெயர், சிலதுக்கு ஆற்றின் பெயர்,
செத்த கப்பலின் பெயரைப் புதுசுக்கு வைப்பதும் உண்டு.
டெல்லியில் ஏதாவது பட்டியல் இருக்கும்.

"மலையக் கேட்டாங்களா?"

சிரித்தேன்.
முத்திரைக் கட்டையைத் தேடுவதுபோல்
குனிந்துகொண்டேன்.

நானும் கப்பலில் வந்தவன்தான்.
ஏழு வயது.
தலைமன்னாரில் ஏறி இந்தக் கரையில் இறங்குவதற்குள்
அம்மா நான்கு முறை வாந்தியெடுத்தாள்.
ஒரு தகரப் பெட்டி, ஒரு அம்மிக்குழவி.
அம்மி அங்கேயே நின்றுவிட்டது.
மண்டபம் முகாமில்
எங்கள் பெயர்களை ஏழெட்டுத் தாளில் எழுதினார்கள்.
அப்பா சடையன்
ஒன்றில் சடயன், ஒன்றில் சாத்தையன்,
ரேஷன் அட்டையில் வெறும் சடை.
கப்பலின் பெயர் மட்டும்
அதன் விலாவில் ஆளுயரத்துக்கு,
ஓர் எழுத்துப் பிசகாமல்.
எனக்கு அந்த எழுத்து படிக்க வராது.
அப்பாவைக் கேட்டேன்.
"கப்பல்" என்றார்.

போஜன் லீவில் வந்தபோது சொன்னான்:
கட்டி முடிக்கும்வரை அதற்கு எண் மட்டும்தானாம்.
தண்ணீரில் இறக்கும் நாளில்
பெரிய அதிகாரி மனைவி தேங்காய் உடைத்து
பெயரைச் சொல்வாராம்.
பாண்டு வாத்தியம் வேறு.

தோட்டத்தில் எங்கள் அம்மாவுக்கும் எண்தான்.
கொழுந்து நிறைந்தால் அன்றைக்கு ஒரு பேர்.
குறைந்தால், மடுவத்தில் தராசைப் பார்த்தபடி
கங்காணி சொல்வான்: "அரைப்பேர்."
அரை நாள் கூலி என்று அர்த்தம்.
பாதிப் பெயரோடு வீடு வந்து
அவள் ரொட்டி தட்டுவாள்.

கடிதத்தின் மேல் சிவப்பு மையில் எழுதினேன்:
இது மலை அல்ல. கப்பல்.
விதியில் அப்படி எழுத இடமில்லை.
ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது.

பிறகு அந்தக் கப்பலுக்கு வயதாகிவிட்டது.
பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு
நடுக்கடலில் நிறுத்தி
நம்முடைய குண்டாலேயே குறிபார்த்து மூழ்கடித்தார்கள்.
'நீலகிரி மூழ்கியது' என்று
டீக்கடையில் யாரோ உரக்கப் படிக்க,
மாதியம்மா மூச்சு வாங்க ஓடிவந்தார்:
"எந்த ஹட்டி?"

போஜன் இப்போது ஊட்டியில்
கேரட் கழுவும் மெஷின் வைத்திருக்கிறான்.
அவனுக்கு இடது பக்கம் இன்னும் 'போர்ட்' தான்.

நான் ஓய்வு பெற்ற வருஷம்
அதே பெயரில் புதுக் கப்பல் வந்தது.
பேரன் என்றால் பெயரன்தானே,
தாத்தாவின் பெயரைச் சுமப்பவன்.
போஜன் கைபேசியில் படம் காட்டினான்.
சாம்பல் நிறம். நீலமே இல்லை.

அதே வாரம் அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்குப் போயிருந்தேன்.
கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்
"சடயனா?" என்றாள்.
சடையன். டை போடுங்க, என்றேன்.
அவள் அடித்து முடிக்கும்வரை
திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.