அலமாரிச் சாவி

எங்கள் சபையில் கிழவர்கள் இல்லை.
கம்பெனி அறுபதில் அனுப்பிவிடுகிறது.
பதினேழைத் தாண்டிய பிள்ளைகளும் இல்லை,
கோவைக்கோ வேலூருக்கோ
பெட்டி கட்டிப் போய்விடுகிறார்கள்.
"முதியோருக்காக" என்று சபை ஐயர் ஜெபத்தைத் தொடங்கினால்
எல்லோரும் கண்மூடி ஊரைப் பார்க்கிறோம்.

ரூவியில், மொட்டை மலைக்குக் கீழே
ஒரே ஹால், வெள்ளிக்கிழமை ஐந்தாறு பாஷை.
மலையாளிகளுக்குப் பிறகு பிலிப்பினோக்கள்.
அவர்கள் கிதாரை உறையில் போடும்போது
வெயிலில் நாங்கள், சாம்பார் வாளியோடு.
நாலரை முதல் ஆறு எங்களுடையது.
ஆறு அஞ்சுக்கு எத்தியோப்பியர்
வெள்ளைச் சால்வையில் எட்டிப் பார்ப்பார்கள்.
கர்த்தர் மட்டும் போகாமல் வராமல்
அங்கேயே இருக்கிறார், ஏசியைப் போல,
என்று ஐயர் ஒருமுறை சொன்னார்.
யாரும் சிரிக்கவில்லை.
அன்று ஏசி ஓடவில்லை.

பாட்டுப் புத்தக அலமாரியின் சாவி என்னிடம்,
இருபத்திரண்டு வருஷமாக.
வாடி கபீரில் உதிரிபாகக் கிடங்கு பார்க்கிறவன் நான்,
சாவி என்றால் எனக்கு ஒரு மரியாதை.
வாங்கியபோது முப்பத்தேழு வயது,
விசுவாசம் அப்போது கொஞ்சம் பதவி மாதிரி இருந்தது.
நாற்பத்தெட்டிலும் புத்தி வரவில்லை:
காணிக்கைத் தட்டை யார் பிடிப்பது என்று
பாக்கியமுத்துவோடு எட்டு மாதம் பேசவில்லை.
அப்புறம் அவன் மகனுக்குத் தலையில் கட்டி.
ஆஸ்பத்திரி வராந்தாவில்
ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில்
விடியும்வரை மாறி மாறி உட்கார்ந்தோம்.
என்ன ஜெபித்தோம் என்று நினைவில்லை.
டீ ரொம்ப இனிப்பு.
பையன் பிழைத்தான், இடது கை மட்டும்
சொன்ன பேச்சைக் கொஞ்சம் தாமதமாகக் கேட்கும்.
தட்டை இப்போது அவன்தான் பிடிக்கிறான்.

ஜூலையில் எனக்கு அறுபது.
சாவியை யாரிடம் கொடுப்பது என்று
மூன்று வெள்ளிக்கிழமை யோசித்தேன்.
ஒப்படைப்பு, இரண்டு வார்த்தை பேச்சு,
தோளில் ஒரு சால்வைகூட
மனதில் வந்து போனது, மறைக்க மாட்டேன்.
கடைசியில் இஸ்ரவேலிடம் நீட்டினேன்.
பர்கா முகாமிலிருந்து வருகிறவன், ஹால் பெருக்குகிறவன்,
மாதம் இரண்டு வெள்ளிதான் அவனுக்கு லீவு.

அவன் வாங்கவில்லை.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான்.
"அண்ணே, அந்தப் பூட்டு கொரோனாவுக்கு முந்தியே போச்சு.
சும்மா இழுத்தாலே வரும்.
எல்லாருக்கும் தெரியும்.
நீங்க ஆசையா திறப்பீங்க,
அதான் யாரும் சொல்லல."

எல்லோருக்கும். பிலிப்பினோக்களுக்குக்கூட.
விழுந்த புத்தகங்களை எடுத்து
எழுத்துத் தெரியாமல் தலைகீழாக அடுக்கியது
அவர்கள்தானாம்.
நான் பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன்.

அன்று பாடம் வாசித்தது பியூலாவின் மகள் எஸ்லின்.
ஒன்பது வயது, தமிழுக்கு டியூஷன்.
"பரதேசி" வந்ததும் நின்றுவிட்டாள்.
மைக்கிலேயே கேட்டாள்:
"இது திட்டுற வார்த்தைதானே?"
சபை குலுங்கிச் சிரித்தது.
"இல்ல கண்ணு, நம்ம பேரு" என்றார் ஐயர்.
சட்டைப்பையில் சாவி
தொடைக்கு இறங்கியதுபோல் கனத்தது எனக்கு.

சாயர்புரத்தில் வீடு பாதிதான் பூசியிருக்கிறது.
அங்கே கோயிலில் கிழவர்கள் நிறைய.
கடைசி பெஞ்சில் இடம் கேட்டு உட்கார வேண்டும்,
எந்தப் பாட்டுக்கு எழும்ப வேண்டும் என்று
பக்கத்தில் பார்த்துப் பழக வேண்டும்.
அவர்களில் நான்தான் சின்னவன்.
யோசித்தால் சந்தோஷமாகக்கூட இருக்கிறது.

இன்னும் ஆறு வெள்ளி.
போன வாரம் எஸ்லின் சாவியைக் கேட்டாள்.
குதிகாலை உயர்த்தி நுழைத்தாள்.
எதிலும் மாட்டாமல்
அது முழு வட்டம் சுற்றியது.
கதவின் மேல்விளிம்பை
நகத்தால் லேசாக இழுத்துவிட்டேன்.
"திறந்துட்டேன்!"

இஸ்ரவேல் என்னைப் பார்த்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
முதல் புத்தகம் தலைகீழாக வந்தது.
அவளே நிமிர்த்திக்கொண்டாள்.